ஒரு பள்ளமா, இரண்டு பள்ளமா

நளாயினி அன்று காலை பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் பின்பக்கத்தால் வந்தாள். வழக்கமாக முன்வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, படியேறும்போதே சத்தமாகக் கதைத்துக்கொண்டு வருகிறவள். அன்று வேலியோரப் பூவரசின் கீழ் சைக்கிளை நிறுத்தி, அதன் கைபிடியை விடாமல் நின்றாள்.

நான் பின்விறாந்தையில் கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தேன். அடுப்பின் மேல் ஓர் இரும்புத் தட்டு. தட்டில் பொற்றாசியம் புரோமைட்டு என்ற வெள்ளைத் தூள். அதில் ஈரம் கொஞ்சமும் இருக்கக்கூடாது. மின்சாரம் இருந்த காலத்தில் இந்த வேலைக்கென்று ஒரு மின்னடுப்பு இருந்தது. போரில் மின்சாரம் போய் எவ்வளவு காலம் என்று நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டிருந்தோம்.

"ஏனடி அங்கை நிக்கிறாய்? தூள் காய்ஞ்சிட்டுது, வா."

அவள் வரவில்லை. தலையை அசைத்து என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

"அப்பா செத்துப்போனார்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் முகத்தில் அழுத அடையாளம் எதுவும் இல்லை. நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது.

"ராத்திரி நேவி சுட்டதிலை வள்ளத்துக்குச் சூடு பட்டதாம். அக்கரை போய்ச் சேர முன்னமே முடிஞ்சுதாம். வாற வழியிலை குணம் அண்ணையைக் கண்டனான். அவர்தான் சொன்னவர்."

குணம் அண்ணை அவளுடைய தகப்பனோடு வள்ளத்தில் வேலை செய்தவர். அடுத்த வள்ளத்தில் இக்கரைக்குத் திரும்பி, செய்தி சொல்ல அவர்கள் வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். வழியில் இவள்.

"அம்மாவுக்கு?"

"தெரியாது. நான் சொல்லுறன், நீங்கள் இப்ப வீட்டை போகாதேங்கோ எண்டு அவரை மறிச்சுப்போட்டு வந்திட்டன்."

"அப்ப ஏன் இங்கை வந்தனீ?"

அவள் ஆய்வுகூடத்தின் பக்கம் பார்த்தாள். உள்ளே ஜெனரேற்றரை யாரோ இழுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

"இண்டைக்குத்தானே மெசின் ஓடுது," என்றாள்.

எழுதச் சொன்னவள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் விடுதியின் பருப்புக்கறியைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. இதை எழுதுவதா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

நளாயினியின் தாயார் அண்மையில் காலமானார். வெளிநாட்டில், ஒரு குளிர் நகரத்தில், மகளின் வீட்டில். செய்தி கேட்டு நான் தொலைபேசியில் கதைத்தபோது, கடைசியில் அவளே சொன்னாள்: "நீ அந்த மெசின் ஓடின நாளை இனி எழுதலாம். அம்மா இருக்குமட்டும் எழுதவேண்டாம் எண்டுதான் நினைச்சனான். இனி எழுது."

அவள் இப்போது மருந்துகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். நாங்கள் அன்று காத்துக் கிடந்த அதே வகைக் கருவி அவளுடைய மேசையில் இருக்கிறது. "பொத்தானை அமத்திப்போட்டுத் தேத்தண்ணியை எடுக்க முன்னம் படம் வந்திடும்," என்றாள்.

வெங்காயமும் ஈர்க்கும்

நாங்கள் இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள். நான்கே பேர். நளாயினி, நான், ரகு, சிவம். ரகு வாயாடி. சிவம் வாய் திறக்காதவன். எங்களுக்கு ஒரு வருடம் முன்னால் படித்தவர்களில் பாதிப்பேர் இடையில் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். பரீட்சைகள் பின்போடப்பட்டு, மறுபடி பின்போடப்பட்டு, நான்கு வருடப் படிப்பு எத்தனை வருடத்தில் முடியும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் கேட்டால் "இந்த வருசம் முடிஞ்சிடும்" என்போம். அடுத்த வருடமும் அதையே சொல்வோம்.

மூலக்கூறுகளின் சமச்சீரைப் பற்றிய பாடம்தான் எல்லாருக்கும் பயம். அதைப் படிப்பித்த விரிவுரையாளருக்கு முப்பதைச் சற்றுத் தாண்டிய வயது. பெயர் வேண்டாம், சேர் என்றே சொல்கிறேன். முதல் நாள் வகுப்பில் அவர் ஒரு சதுரக் கடதாசியை மேசையில் வைத்தார்.

"கண்ணை மூடுங்கோ. இப்ப திறவுங்கோ. நான் இதைத் திருப்பினனானா, இல்லையா?"

தெரியாது என்றோம்.

"தெரியாமல் இருக்குதெல்லே, அதுதான் சமச்சீர். திருப்பியும் திருப்பாத மாதிரியே இருக்கிறது. ஒரு மூலக்கூறை எத்தினை விதமாத் திருப்பினால் திருப்பினது தெரியாதெண்டு கண்டுபிடிச்சால், அது கதிருக்கு என்ன மறுமொழி சொல்லுமெண்டு முன்கூட்டியே சொல்லலாம்."

கேட்கும்போது அழகாக இருந்தது. பயிற்சிக் கணக்கு வந்தபோது நானும் ரகுவும் அடியோடு விழுந்தோம். மூலக்கூறை மனதில் நிறுத்தித் திருப்ப எனக்கு வரவே வராது. பாதி சுற்றியதும் எந்த அணு எங்கே நின்றது என்பது போய்விடும். வெளிநாடுகளில் இதற்கென்று பந்தும் கம்பியுமாக மாதிரிகள் விற்பார்களாம். எங்கள் துறையில் இருந்த பெட்டியை ஒரு குண்டுவீச்சுக்குப் பிறகு யாரும் காணவில்லை.

என் அப்பா வட்டுக்கோட்டையில் வெங்காயத் தோட்டம் செய்தவர். ஒருநாள் ஒரு பை சின்ன வெங்காயமும், கொஞ்சம் உருளைக்கிழங்கும், விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கும் கொண்டுபோனேன். உருளைக்கிழங்கு நடுவில் நிற்கும் உலோக அணு. அதில் குத்திய ஈர்க்குகளின் நுனிகளில் வெங்காயங்கள். நளாயினி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆனால் எடுத்து மெல்லத் திருப்பி, "இப்ப பார். இந்த வெங்காயம் எங்கை போச்சுது?" என்று எனக்குப் பொறுமையாகக் காட்டியவளும் அவள்தான். பாடம் முடிந்ததும் மூலக்கூறை உரித்துக் குழம்பு வைத்தோம்.

அவளுக்கு வெங்காயம் தேவைப்படவில்லை. கண்ணை மூடுவாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதையோ ஏந்திப் பிடித்ததுபோல் வைத்து, மெல்லச் சுழற்றுவாள். பிறகு கண்ணைத் திறந்து விடை சொல்வாள். சேர் சரிபார்க்க எடுக்கும் நேரம் அதைவிட அதிகம். "உனக்கு எப்பிடியடி தெரியுது?" என்று கேட்டால், "தெரியுது, அவ்வளவுதான்," என்பாள். அதில் பெருமை இராது. எரிச்சல்தான் இருக்கும்.

அரியாலையில் ஒரு வாடகையில்லா வீடு

நளாயினி வீட்டார் வடகரைக் கடலோர ஊர்க்காரர். தகப்பன் சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். அந்தப் பக்கம் சனம் இருக்க முடியாமற் போனபோது, ஊரோடு எழும்பி வந்தார்கள். கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கிடந்து, கடைசியில் அரியாலையில் ஒரு வீடு கிடைத்தது. கொழும்புக்குப் போன குடும்பம் ஒன்று, வீடு பாழாகக்கூடாது என்று அவர்களை இருக்கவிட்டது.

நான் பல தடவை அங்கே போயிருக்கிறேன். பெரிய வீடு. அவர்கள் அதில் முன்னறையையும் குசினியையும் மட்டும் பாவித்தார்கள். மற்ற அறைகளைத் தாயார் தினமும் கூட்டித் துடைப்பார். ஆனால் ஒருவரையும் படுக்கவிடமாட்டார். "ஆரின்ரையோ வீடு பிள்ளை. நாளைக்கு வந்து கேட்டால், இருந்தபடியே குடுக்க வேணுமெல்லே," என்பார்.

கடலில் தொழில் இல்லை. மீன் பிடிக்கப் போக முடியாது. குடாநாட்டைவிட்டு வெளியேறவும் உள்ளே வரவும் தரைப்பாதை இல்லாமற் போனபோது, சனங்கள் கடற்படையின் கண்ணில் படாமல் கிளாலிக் கரையிலிருந்து இரவில் நீரேரியைக் கடக்கத் தொடங்கினார்கள். நளாயினியின் தகப்பன் அந்த வள்ளங்களில் ஓட்டியாகப் போனார். மாலையில் சைக்கிளில் புறப்படுவார். மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரத்துக்குத் திரும்பி வருவார். வந்து சாப்பிட்டு, பகல் முழுவதும் தூங்குவார்.

மெலிந்த மனிதர். அதிகம் கதைக்கமாட்டார். ஒரேயொரு தடவை என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, உவள் படிக்கிறது என்ன படிப்பு? கேட்டால் கையைச் சுத்திக் காட்டுறாள்."

நான் தெரிந்தமட்டும் சொன்னேன். ஒரு பொருளுக்குள்ளே அணுக்கள் எப்படிப் பிணைந்து நிற்கின்றன, கண்ணுக்குத் தெரியாத கதிரை அதன்மேல் விட்டால் அவை எப்படி அதிரும், அந்த அதிர்வைக் கருவி எப்படித் தாளில் கீறும் என்று சொன்னேன். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார்.

"அதிலை உத்தியோகம் கிடைக்குமோ?"

"நளாயினிக்குக் கம்பஸிலேயே கிடைக்கும், அப்பா. முதல் வகுப்பு வந்தால் விரிவுரையாளராகலாம்."

"அப்ப சரி," என்றார். துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு கான் மண்ணெண்ணெய்

கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் தனியாக ஓர் ஆய்வு செய்து கொடுக்கவேண்டும். நாங்கள் நால்வரும் அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த, கோபாற்று என்ற உலோகத்தின் உப்பிலிருந்து ஆளுக்கொரு சேர்வையைச் செய்தோம். செய்வதை எப்படியோ செய்துவிடலாம். விறகு இருந்தது, கிணற்றுத் தண்ணீர் இருந்தது. செய்து முடித்தது எதுவென்று நிரூபிப்பதுதான் சிக்கல்.

நளாயினியின் சேர்வையில், நடுவில் நிற்கும் கோபாற்றைச் சுற்றி நைத்திரோ எனப்படும் இரண்டு அணுக்கூட்டங்கள் இருக்கவேண்டும். அவை எதிரெதிராகவும் நிற்கலாம், பக்கத்தில் பக்கத்திலும் நிற்கலாம். அவள் எதிரெதிராக நிற்கும் வடிவத்தைத்தான் செய்யப் பார்த்தாள். வந்தது ஒரு மஞ்சள் பளிங்கு. இரண்டு வடிவமும் ஏறத்தாழ ஒரே மஞ்சள் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை விட்டுப் பார்க்கும் கருவிதான் சொல்லவேண்டும். அந்தக் கருவி நல்ல காலத்தில் எங்கள் துறைக்கு வந்தது. உள்ளே ஒரு பேனை, ஓடுகிற தாளில் கோடு கீறும். பொருள் கதிரை உறிஞ்சும் இடத்தில் கோடு கீழே இறங்கும். அதைப் பள்ளம் என்போம். எதிரெதிர் வடிவம் ஒழுங்கு கூடியது. ஒழுங்கு கூடிய மூலக்கூறு கதிருக்குக் குறைவாகத்தான் மறுமொழி சொல்லும். குறிப்பிட்ட இடத்தில் ஒரு பள்ளம். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் வடிவமென்றால் இரண்டு. நளாயினியின் ஒரு வருட உழைப்பு அந்த ஒற்றைக் கேள்வியில் வந்து நின்றது.

கருவிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு ஜெனரேற்றர். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் அப்போது குப்பி விளக்குக்கே சொட்டுச் சொட்டாக விட்ட பொருள். சேர் எங்கெங்கோ அலைந்து ஒரு கான் கொண்டுவந்தார். கருவி சூடேறவே நல்ல நேரம் எடுக்கும். நான்கு பேருக்கும் முழுப்படம் எடுக்க அந்த எண்ணெய் போதாது. யாரோ இருவர் விட்டுக்கொடுக்கவேண்டும்.

அப்போதுதான் நளாயினி சொன்னாள்: "முழுப்படம் ஏன் சேர்? எங்களுக்கு எந்த இடம் வேணுமெண்டு கணக்குப் போட்டால் தெரியுந்தானே. பேனையைக் கையாலை தள்ளி அந்த இடத்திலை விட்டிட்டு, அந்தத் துண்டை மட்டும் எடுப்பம்."

சேர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போடு கணக்கை," என்றார்.

அவள் தன்னுடையதை மட்டும் போடவில்லை. எங்கள் மூவருடைய சேர்வைகளுக்கும், எங்கே பேனையை விடுவது, எங்கே நிறுத்துவது, எத்தனை பள்ளம் வந்தால் என்ன பொருள் என்று எல்லாம் போட்டுத் தந்தாள். ரகு முதலில், பிறகு சிவம், பிறகு நான் என்று ஒழுங்கு வைத்து, தன்னைக் கடைசியில் போட்டுக்கொண்டாள்.

அவள் பின்பக்கத்தால் வந்து நின்ற காலை, அந்த மெசின் ஓடவிருந்த நாள்.

பூவரசின் கீழ்

"நீ வீட்டை போ," என்றேன். "உன்ரை துண்டை நான் எடுத்துத் தாறன்."

"போய்?"

நான் விசிறியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அப்பாவை ராவைக்கு முன்னம் கொண்டர ஏலாது. பகலிலை கடல் தாண்டேலாது," என்றாள். "நான் போய்ச் சொன்னால் அம்மா இப்பவிருந்து அழத் தொடங்குவா. போகாட்டில் இன்னுங் கொஞ்ச நேரம் தெரியாமல் இருப்பா. வேறை ஒண்டும் மாறாது. போனால் செத்தவீடெண்டு நான் ஒரு மாதத்துக்கு வெளியிலை வரேலாது. மெசின் இனி எப்ப ஓடுமெண்டு சொல்லு பாப்பம்."

கணக்கை விளக்குகிற அதே குரல். எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை. பிறகு பார்த்தேன், சைக்கிள் கைபிடியில் இருந்த அவளுடைய விரல்கள் அதை விடவேயில்லை. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"அப்ப நீ முதல் எடு. எடுத்திட்டுப் போ."

"முதல் ஆளாப் போனால் ஏனெண்டு கேப்பினம். கேட்டால் சொல்லவேண்டி வரும். சொன்னால் சேர் மெசினை நிப்பாட்டிப்போடுவார். ஒருத்தருக்கும் சொல்லாதை."

மெசின் ஓடியது

ஜெனரேற்றர் பிடிக்க மறுத்து, இருமி, பிறகு பிடித்தது. கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தபோது ரகு கைதட்டினான். மின்சார வெளிச்சத்தைக் கண்டு அவ்வளவு நாளாகியிருந்தது. நளாயினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

ரகுவின் துண்டு வந்தது. அவள் சொன்ன இடத்தில், சொன்னபடி. சிவத்தின் துண்டும் வந்தது. அவன் தாளைக் கிழித்து மடித்துக் கொப்பிக்குள் வைத்தான். பொருளை வெள்ளைத் தூளோடு அரைத்து, கருவிக்குள் வைக்கும் சின்ன வில்லையாக அழுத்தவேண்டும்; என்னுடையதை நளாயினியே அழுத்தித் தந்தாள். பேனை எனக்கு ஓடிய நேரத்தில் என் கண் தாளில் இல்லை. அவள் ஜன்னலோரம் நின்று, தன் மஞ்சள் பொருளை வெள்ளைத் தூளோடு சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலாக அரைத்தாள்.

அவளுடைய முறை வந்தபோது ஜெனரேற்றர் முனகியது. விளக்கு மங்கி எரிந்தது. சேர் கானைத் தூக்கிக் குலுக்கினார். வெறுங்கான்.

நான் வாய் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். வேண்டாம்.

சேர் வெளியே போனார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள், அந்தக் காலத்து எல்லா மோட்டார் சைக்கிள்களையும் போல, மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குழாயைக் கழற்றி, எண்ணெய்த் தாங்கியில் இருந்ததை ஒரு போத்தலில் இறக்கினார். கடைசிச் சொட்டுவரை வண்டியைச் சரித்துப் பிடித்து எடுத்தார்.

"சேர், எப்பிடி வீட்டை போவியள்?" என்று ரகு கேட்டான்.

"நடந்துதான். கால் இருக்குதுதானே."

நளாயினி தான் கணக்குப் போட்ட இடத்தில் பேனையை வைத்தாள். தாள் நகர்ந்தது. கோடு கொஞ்சத்தூரம் நேராகப் போனது. பிறகு இறங்கியது. ஏறியது. ஒரு பள்ளம். கோடு ஏறி வந்து, மேலே போய்ச் சேர முன்னமே மறுபடி இறங்கியது. தெளிவாக, முதலாவதின் பக்கத்திலேயே.

"இரண்டு," என்றான் சிவம். அன்று அவன் பேசிய ஒரே சொல்.

"அப்ப நீ நினைச்சது வரேல்லை," என்றார் சேர்.

"ஓம் சேர். மற்றதுதான் வந்திருக்கு. சூடாக்கேக்கை மாறியிருக்கும்."

"பரவாயில்லை. இது இன்னும் நல்லது. ஏன் இரண்டு வருதெண்டு போட்டுக் காட்டு பாப்பம்."

ஜெனரேற்றர் ஓய்ந்தது. கூடம் மறுபடி இருண்டது. நளாயினி சோக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள்.

வழக்கமாக அவள் இரண்டு வரியில் முடிப்பாள். அன்று மூலக்கூறைப் பெரிதாகக் கீறினாள். ஒவ்வொரு திருப்பத்தையும் தனித்தனியாக விளக்கினாள். எந்த அதிர்வு கதிரை ஏற்கும், எது ஏற்காது, ஏன் ஏற்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அது முடிந்ததும், எதிரெதிர் வடிவம் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தொடங்கினாள். அதுவும் முடிந்தது. யாரும் கேட்காமலே அடுத்த பகுதிக்குப் போனாள். பலகை நிறைந்தது. ஓர் ஓரத்தை அழித்து, அந்த இடத்தில் மேலும் எழுதினாள்.

சேர் ஒரு வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாணவி ஒருத்தி இப்படி விளக்கி அவர் கேட்டிருக்கமாட்டார். முகமெல்லாம் சந்தோசம். ரகு எழுத்துக்கு எழுத்துக் குறிப்பெடுத்தான்.

எனக்கு மட்டும் விளங்கியது. பாடம் முடிந்தால் அவள் வீட்டுக்குப் போகவேண்டும்.

கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. சோக்குக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்து, கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"அவ்வளவுதான் சேர்," என்றாள்.

வீடு

நாங்கள் இருவரும் சைக்கிளில் அரியாலைக்குப் போனோம். நல்லூரைத் தாண்டும்போது ரியூசன் முடிந்த பிள்ளைகள் வீதியை நிறைத்து வந்தார்கள். அவள் மணியடித்து விலத்திக்கொண்டு முன்னால் போனாள். வழியில் ஒரேயொரு தடவை என் பக்கம் திரும்பினாள்.

"எப்பிடித் தொடங்கிறது? முதல் என்ன சொல்லவேணும்?"

நான் மிதித்து அவளுக்குப் பக்கத்தில் வந்தேன்.

ஒழுங்கையில் திரும்பியதுமே அழுகைச் சத்தம் கேட்டது. படலைக்கு வெளியே சைக்கிள்கள் சாத்தியிருந்தன. கிளாலியிலிருந்து வந்த வேறு யாரோ மத்தியானம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் சொல்லவேண்டியிருந்ததை வேறொருவர் சொல்லியாயிற்று.

முன்னறையில் பெண்கள். நடுவில் தாயார் நிலத்தில் இருந்தார். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. நளாயினி வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

தகப்பனின் தமக்கை, அவளுடைய மாமி, முதலில் அவளைக் கண்டார்.

"இப்பதான் வாறியோ? சனம் உன்னை எங்கையெல்லாம் தேடுது. உனக்குக் காலமையே சொன்னதெண்டு குணம் சொல்லுறான். பெத்த தேப்பன் செத்துக்கிடக்க, உனக்கு என்ன கம்பஸ்?"

அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொய் சொல்ல நளாயினிக்குத் தெரியாது.

தாயார் தலையை நிமிர்த்தினார். மகளைப் பார்த்தார். துடைத்தும் சோக்கு போகாத கையைப் பார்த்தார்.

"அவளைப் பேசாதேங்கோ மச்சாள்," என்றார். "எனக்கும் காலமையே தெரியும். நான்தான், போயிட்டு வா பிள்ளை எண்டு அனுப்பினனான்."

"தெரிஞ்சோ? தெரிஞ்சுகொண்டோ அனுப்பினனீர்?"

"ஓம். அவர்தான் படிக்கவேணும் எண்டவர். அனுப்பினனான்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். பெண்கள் மறுபடி அழத் தொடங்கினார்கள். யாரோ என்னிடம், பெட்டைக்குக் கொஞ்சம் தண்ணி குடு என்றார்கள்.

நான் குசினிக்குள் போனேன். அடுப்பு ஆறிக் கிடந்தது. பக்கத்துப் பலகையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, இன்னொரு கோப்பையால் மூடியபடி இருந்தது. செம்பு எடுக்கப் போன கை பட்டு மேற்கோப்பை விலகியது. உள்ளே புட்டு. ஓரத்தில் சம்பல். மேலே ஒரு துண்டுப் பொரித்த மீன். அதன் பக்கத்தில் மூடிவைத்த ஒரு கிளாஸ் தண்ணீர். இரவு முழுவதும் கடலில் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு, தாயார் காலையில் எடுத்துவைத்த சாப்பாடு.

மேற்கோப்பையை இருந்தபடியே வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். தாயார் என் முகத்தைப் பார்த்தார். நான் எதைக் கண்டுவிட்டு வருகிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. செம்பை வாங்கி, மகளைப் பக்கத்தில் இழுத்து இருத்தி, தன் கையாலேயே அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் எட்டும் குரலில் மகளிடம் கேட்டார்:

"வந்ததே பிள்ளை, நீ சொன்ன படம்?"

"வந்தது அம்மா. நான் நினைச்சது வரேல்லை. வேறை ஒண்டு."

"வந்ததுதானே," என்றார்.

அப்போதுதான் நளாயினி அழுதாள்.